எத்தனை தண்ணில அலசுன?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பாசி காயும். ஒன்று மரிக்கொழுந்து. அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் முங்கி எடுத்து வருவது, ஜெல்லி போல உறையும் அகர் என்ற பொருள் எடுக்க விலை போகும். மற்றது கட்டக்கோரை. கரையில் ஒதுங்கியதை என் ஆய்வுக்காக நான் பொறுக்கி வந்தது. வெயிலில் சாயத்தைச் சிதைக்கும் துத்தநாக ஆக்சைடு நானோ தூளை இதை வைத்துச் செய்கிறேன்.

கட்டக்கோரையை நிழலில் உலர்த்திப் பொடித்து, காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவைத்து இறுத்தால் டீ நிறத்தில் சாறு வரும். அதில் துத்தநாக அசிடேட்டைக் கரைத்து, கலக்கிக்கொண்டே சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். மோர் மாதிரி திரியும். பாசியிலுள்ள ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் துத்தநாக அயனியைப் பிடித்துக்கொள்வதால் துகள் நானோ அளவைத் தாண்டிப் பெருக்காது. வீழ்படிவைக் கழுவி உலர்த்தி 400 டிகிரி உலையில் இரண்டு மணி நேரம். சூட்டோடு எடுத்தால் தூள் மஞ்சளாக இருக்கும், ஆற ஆற வெளுக்கும். துத்தநாக ஆக்சைடின் குணம் அது. எத்தனை முறை செய்தாலும் அந்த நிறம் மாறுவதை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

முதல் தூளை எக்ஸ்ஆர்டிக்குக் கொடுத்தேன். எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, எந்தப் படிகம் என்று கண்டுபிடிக்கும் சோதனை அது. துத்தநாக ஆக்சைடு என்றால் வரைபடத்தில் 31.8, 34.4, 36.2 டிகிரிக் கோணங்களில் மூன்று முகடுகள் வர வேண்டும், 36.2 தான் உயரமாக நிற்கும். எனக்கோ 31.8 அதைத் தாண்டி நின்றது. படிகம் ஒரு திசையில் நீண்டு வளர்ந்திருக்கிறது என்று இரண்டு நாள் பூரித்துப் போயிருந்தேன். ஆனால் 45.4-ல் சம்பந்தமில்லாமல் இன்னொரு முகடு இடித்தது.

அம்மாவிடம், தூளில் என்னமோ கலந்திருக்கிறது என்றேன்.

"கோரைய எத்தனை தண்ணில அலசுன?"

"ரெண்டு தண்ணிம்மா."

"ரெண்டு தண்ணில உப்பு போகுமாடி?"

சாப்பாட்டு உப்பேதான். சோடியம் குளோரைடின் பெரிய முகடு 31.7, அடுத்தது 45.4. வீழ்படிவையும் சீக்கிரம் காயட்டும் என்று எத்தனாலில் கழுவியிருந்தேன். அதில் உப்பு அவ்வளவாகக் கரையாது.

இப்போது தண்ணீரில்தான் கழுவுகிறேன். கழுவிய நீரில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம், ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட். பால் போல வெளுத்தால் உப்பு இன்னும் போகவில்லை, இன்னொரு தண்ணி. போன வாரம் எட்டாவது தண்ணியில்தான் தெளிந்தது.

அந்தத் தூளை மெத்திலீன் நீலம் என்ற சாயக் கரைசலில் போட்டு, அரை மணி நேரம் இருட்டில் கலக்கிவிட்டு மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். இருட்டில் வைக்காவிட்டால், சாயம் தூளில் ஒட்டியதா சிதைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மதியத்துக்குள் நீலம் வெளிறிவிட்டது. வெயிலிலுள்ள புற ஊதாவை மட்டுமே இது பயன்படுத்திக்கொள்கிறது, அதற்கே இப்படி.

அந்தத் தண்ணீரைக் கடல் பக்கம் கொண்டுபோவதில்லை. இந்த ஆக்சைடு கொஞ்சம் கரைந்து துத்தநாக அயனியாகும், பவளத்துக்கு அது ஆகாது. அம்மா முங்கும் இடம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அடுத்து, தூள் நீரோடு போகாதபடி கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்கப் போகிறேன்.