கடைசி நிரலில் இருக்கும் வீதம்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்து இரண்டு கிழமைக்குள் எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரு அட்டவணை வந்து சேரும். தோற்றியோர் எத்தனை பேர், புலமைப்பரிசில் கிடைப்பதற்கான வெட்டுப்புள்ளிக்கு மேல் எத்தனை பேர், 200க்கு 70 புள்ளிக்கு மேல் எத்தனை பேர், கடைசி நிரலில் வீதம். வன்னியில் சின்னப் பாடசாலைகளில் தரம் 5 படிப்பித்தவர்கள் அந்தக் கடைசி நிரலைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

எங்களுடையது வகை 3 பாடசாலை, தரம் 5 வரைதான் உண்டு. பரீட்சை எழுத ஒன்பது பேர் இருந்தால் அது நல்ல வருடம். ஒன்பது பேரில் ஒரு பிள்ளை கூடுதலாகச் சித்தியடைந்தால் 11 வீதம் ஏறும். ஒரு பிள்ளைக்கு முதல்நாள் காய்ச்சல் வந்தால் அதே 11 வீதம் இறங்கும். கூட்டத்தில் "போன முறையைவிட ஏன் குறைஞ்சது?" என்று கேட்பார்கள். காய்ச்சல் என்று சொன்னால் சிரிப்பார்கள். நூற்றைம்பது பேர் எழுதும் பட்டணத்துப் பாடசாலையின் வீதமும் எங்கள் வீதமும் ஒரே தாளில் மேலும் கீழுமாக இருக்கும்.

வசதி உள்ளவர்கள் தரம் 1இலேயே பிள்ளையை வான் பிடித்துப் பட்டணத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அரச உத்தியோகம் பார்ப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், வெளிநாட்டுக் காசு வருகிற வீடுகள் என்று ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். ஆசிரியர்களாகிய நாங்களும் எங்கள் பிள்ளைகளை எங்கள் பாடசாலையில் சேர்ப்பதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். மிஞ்சுவது கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், 2009இல் தகப்பனை இழந்து வளர்ந்த பெண்களின் பிள்ளைகள், 1958இலும் 1977இலும் நடந்த கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து குடியேறி இன்னும் சொந்தக் காணி இல்லாதிருக்கிற குடும்பங்களின் பிள்ளைகள். அட்டவணை பாடசாலைகளை ஒப்பிடுவதாகச் சொல்கிறது. வான் பிடிக்க முடிந்தவர்களையும் முடியாதவர்களையும்தான் அது ஒப்பிடுகிறது என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு வருடமும் பாடசாலைக் கணக்கெடுப்புப் படிவத்தை நான்தான் நிரப்புவேன். ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்தச் சமயம், எந்த வயது. அம்மா குவைத்தில் இருக்கிறாரா, பிள்ளை யார் வீட்டில் சாப்பிட்டுப் படுக்கிறது என்பதற்கு அதில் இடமில்லை. முன்னேற்ற அறிக்கையில் பாதுகாவலரின் கையொப்பம் வாங்கும் நாளில்தான் அது தெரியவரும். ஒரு அம்மம்மா வந்து பெருவிரலை மையில் தொட்டு வைத்துவிட்டு, "இவள் வாசிக்கிறாள்தானே ரீச்சர்? எனக்கு அது மட்டும் சொல்லுங்கோ" என்று கேட்டார். புள்ளிகளைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளை தரம் 4. காலையில் வரும்போதே விரல் நுனிகள் மண்ணேறிக் கறுத்திருக்கும். முதல்நாள் பின்னேரம் அம்மம்மாவோடு இருந்து கச்சான் (நிலக்கடலை) ஆய்ந்த கை. இத்தனை கிலோ ஆய்ந்தால் இத்தனை ரூபா, அதில் கடைக் கொப்பியில் இருக்கிற கடன் போக மிச்சம் எவ்வளவு என்று கேட்டால் நான் யோசித்து முடிக்க முதல் சொல்லிவிடுவாள். அதே கணக்கை மூன்று வரி வசனமாக எழுதிக் கொடுத்தால் இரண்டாவது வரியில் நின்றுவிடுவாள். கணிதத்தில் அவளுக்கு 28 புள்ளி. அவளுக்கு வராதது வாசிப்பு. பாட்டுப் புத்தகம் போலப் பாடப்புத்தகத்தை மனப்பாடமாக ஒப்புவிப்பாள், தெரியாத பந்தி ஒன்றைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டுவாள்.

வரவு இடாப்பும் வீட்டுநிலைமையைத்தான் காட்டும். கச்சான் பிடுங்கும் காலத்திலும் வயலில் புல்லுப் பிடுங்கும் காலத்திலும் தாய்மார் விடியவே போய்விடுவார்கள். கைக்குழந்தையைப் பார்க்க மூத்தது வீட்டில் நிற்கும். அறுவடைக்கு மெஷின் வந்த பிறகு மாசி மாத வரவு கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அந்தக் கூலியும் போய்விட்டது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வகுப்பே காலியாகும், அது வேறு கதை. அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை.

கொரோனாக் காலம்தான் மிக மோசம். 2021ஆம் ஆண்டுப் பரீட்சை தள்ளிப்போய் 2022 தை மாதம் நடந்தது. பாடங்களை வாட்ஸ்அப்பில் போட்டோம். போன் தகப்பனோடு வேலைக்குப் போய் இரவு வரும், டேற்றா இருக்காது. பட்டணத்தில் சூம் வகுப்பு நடந்தது. இரண்டு பகுதியும் ஒரே வினாத்தாளை எழுதியது.

இதையெல்லாம் சொன்னால் சாட்டுச் சொல்கிறோம் என்பார்கள். அந்தச் சந்தேகம் முழுக்கப் பிழை என்றும் சொல்லமாட்டேன். ஒரு ஆசிரியர் அறையில் "இதுகளுக்கு வராது, விடுங்கோ" என்ற பேச்சைக் கேட்டிருக்கிறேன். வீட்டுநிலைமை முழுக்கத் தெரிந்த ஒருவர்தான் அப்படிச் சொன்னார். வீட்டுநிலைமையைத் தெரிந்துகொண்டு அவர் கைவிட்டார். எங்களுக்கு அதே நிலைமை நேர அட்டவணையை மாற்றத்தான் உதவியது. தரம் 3, 4, 5 மூன்றையும் சேர்த்து, தரம் பார்க்காமல் வாசிக்கும் மட்டத்தைப் பார்த்துக் குழு பிரித்தோம். தரம் 5 பெடியன் ஒருவன் தரம் 3 பிள்ளைகளோடு இருக்க வெட்கப்பட்டான். அவனைக் குழுத் தலைவன் ஆக்கினோம், சரியாகிவிட்டது. காலையில் முதல் ஒரு மணித்தியாலம் வாசிப்பு மட்டும். வீட்டுவேலை கொடுப்பதை நிறுத்தினோம், வீட்டில் அதைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா என்றோம், பின்வாங்கில் பாய் போட்டுப் படுக்கவைத்தோம். அதிபர் கண்டும் காணாததுபோல் இருந்தார்.

கச்சான் ஆய்ந்த பிள்ளை வருட முடிவில் கணிதத்தில் 61 எடுத்தாள். தரம் 5இல் அவளால் வெட்டுப்புள்ளியைத் தொட முடியவில்லை. 70ஐத் தாண்டினாள். அட்டவணையில் எங்கள் வீதம் அந்த முறையும் கீழ்ப்பாதியில்தான். அதைப் பார்த்து இன்னும் இரண்டு வீடுகள் வானுக்குக் காசு கட்டின.

இப்போது தரம் 1க்குச் சேருகிறவர்களின் தொகை வருடாவருடம் குறைகிறது. பிள்ளைகள் குறைந்த பாடசாலைகளைப் பக்கத்துப் பாடசாலையோடு சேர்க்கும் பேச்சு வரும்போதெல்லாம் எங்கள் பெயரும் வருகிறது. பக்கத்துப் பாடசாலைக்குப் போகிற பாதை காட்டோரம், விடியலில் யானை நிற்கும். வான் பிடிக்க முடிந்தவர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள். நடந்து போகவேண்டியது மிஞ்சியிருக்கிற பிள்ளைகள்தான். அடுத்த கூட்டத்துக்கு அவர்களின் பெயர்ப் பட்டியலையும், ஒவ்வொரு வீட்டில் இருந்தும் அந்தப் பாதை எத்தனை கிலோமீற்றர் என்பதையும் எழுதிக்கொண்டு போகிறேன்.