புஞ்சியம்மாவோடு ஒரு செவ்வாய்க்கிழமை

இரவு ரயிலில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, விடியும் வேளையில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கியபோது புஞ்சியம்மா எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். சிங்களத்தில் தாயின் தங்கையை அப்படித்தான் அழைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பள்ளித் தோழர்கள் முன்னிலையில் மட்டும் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டுச் ‘சின்னம்மா’ என்று சொல்லிச் சமாளித்த ஆண்டுகள் எனக்கு உண்டு; அதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

அம்மா கொட்டாஞ்சேனைச் சிங்களக் கத்தோலிக்கர். அப்பா வடமராட்சிச் சைவர். அவர்களின் திருமணத்துக்கு இரு குடும்பத்திலிருந்தும் வந்த ஒரே ஆள் புஞ்சியம்மாதான். 1983 ஜூலையில் தமிழர் வீடுகள் எரிந்தபோது அப்பாவைத் தம் வீட்டின் பின்னறையில் ஒளித்து வைத்தவரும் அவரே. அதன்பின் நாங்கள் கப்பலேறி வடக்கே சென்றோம். அங்கே ஓர் ஆசிரியர், வகுப்பு நடுவே, “உன்ர அம்மா சிங்களத்தியாமே?” என்று கேட்டார். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்ததும், 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியதும் நாடறிந்தவை. எங்கள் சமையலறையில் அவ்விரு மொழிகளும் ஒரே அடுப்பைச் சுற்றித்தான் புழங்கின.

புறக்கோட்டையின் சிவப்புப் பள்ளிவாசலைக் கடந்து, செட்டியார் தெரு நகைக்கடைகள் கதவு திறக்கும் நேரத்தில் நடந்தோம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டியெழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலில் புஞ்சியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, குருக்கள் தந்த திருநீற்றை மூன்று விரலால் நெற்றியில் இழுத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியின் மேல் உதிர்ந்த தூளைச் சேலைத் தலைப்பால் துடைத்தாரே தவிர, நெற்றியை அவர் தொடவே இல்லை. அந்தத் திருநீற்றோடுதான் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு உரிய நாள் என்பதால் சைவர்களும் பௌத்தர்களும்கூட அங்கே வரிசையில் நின்றார்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, இதே கோவிலில் குண்டு வெடித்தது. சிங்களவரும் தமிழரும் அருகருகே இறந்தார்கள். அதன்பின் அயலவர் பலர் முஸ்லிம் கடைகளை ஒதுக்கியபோது, புஞ்சியம்மா தாம் வழக்கமாக அரிசி வாங்கும் ஜம்பட்டா வீதி முஸ்லிம் கடைக்கே தொடர்ந்து போனாராம். “ஏசினாங்க மகன். எண்பத்திமூணுல உங்கட தாத்தாவத் தேடி வந்தவங்களும் இப்பிடித்தான் பேசினாங்க” என்றார். அவர் ‘தாத்தா’ என்றது என் அப்பாவைத்தான். சிங்களத்தில் தந்தைக்கு அதுவே சொல். தமிழில் பேசும்போதும் அவர் அதை மாற்றுவதில்லை. அவரிடமிருந்த அந்தத் தயக்கமின்மை எனக்கு நாற்பது வயது கடந்தும் வாய்க்கவில்லையே என்று அங்கு நின்றபடி வருந்தினேன்.

கோவில் வாசலில் மெழுகுதிரி விற்ற பெண், திருநீறணிந்த நெற்றியையும் கழுத்திலிருந்த சிலுவையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “இவங்க உங்கட அம்மாவா?” என்று தமிழில் கேட்டார்.

“இல்லை, என்ர புஞ்சியம்மா” என்றேன், வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

அவர் தலையசைத்துவிட்டு இரண்டு மெழுகுதிரிகளை எடுத்து நீட்டினார். ஒன்றை அம்மாவுக்காகவும் மற்றதை அப்பாவுக்காகவும், புஞ்சியம்மா ஒரே சுடரில் பற்றவைத்தார்.