நிதானம்

மே 6
கத்திரி தொடங்கியாச்சு. சித்தூரிலிருந்து வந்த பஸ் காட்பாடியில் நின்றது. ஒரு பாட்டி பையைப் பிடித்துக்கொண்டு படியில் தடுமாற, கண்டக்டர் "நெம்மதிகா அம்மா, நெம்மதிகா" என்றார். தெலுங்கில் அது 'மெதுவாக'. நமக்கு அதே சொல் நிம்மதி. பயம் விலகியபின் வருவது. 1911 வரை சித்தூரும் வட ஆற்காடுதான், மாவட்டத் தலைநகரமே அதுதான். அந்தப் பக்கம் 'நிதானங்கா' என்பார்கள். அதற்கு அர்த்தம் கேட்க வேண்டியதே இல்லை.

மே 9
லாங்கு பஜார், எண்ணெய்க் கடை. டின்னிலிருந்து பாட்டிலுக்கு ஊற்றிக்கொண்டிருந்த பையனிடம் முதலாளி: "நிதானமா ஊத்துடா." பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு டின்னை இன்னும் கொஞ்சம் சாய்த்தான். புனலின் விளிம்பில் படாமல், நூல் பிடித்த மாதிரி இறங்கியது எண்ணெய். "அமைதியா ஊத்துடா" என்று யாராவது சொல்வார்களா? அமைதி என்றால் வாயை மூடு, வாத்தியார் சொல். சாந்தம் சாமி முகத்துக்கு. கை ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்லக்கூடியது நிதானம்தான்.

மே 10
வெயில். எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மே 14
குடியாத்தத்தில் கல்யாணம். பந்தலுக்குப் பின்னால் ஒருவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். "மாமா நிதானத்துல இல்ல, விடுங்க." கோபமாக இருக்கிறார் என்று ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை!

வரும் வழியில் இருட்டு. டிரைவர், "எதிர்ல வர்ற வண்டி எவ்ளோ தூரம்னு நிதானிக்க முடியல" என்று முணுமுணுத்தார். நிதானிப்பது என்றால் கணித்துப் பார்ப்பது. வடமொழியில் நிதானம் என்றால் மூலகாரணம். நோயின் காரணத்தைக் கண்டறிவதை ஆயுர்வேதக்காரர்கள் இன்றும் ரோக நிதானம் என்கிறார்கள். நிதானம் தப்பிய மாமாவுக்குப் போனதும் இந்தக் கணக்குதான்: படி எங்கே, தரை எங்கே, எந்தப் பேச்சை எங்கே நிறுத்துவது. பொறுமைசாலி எல்லாரும் நிதானஸ்தர் இல்லை என்பது என் கட்சி. வாயைத் திறக்காமலே தப்பாகக் கணக்குப் போடுகிறவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு.

மே 17
பக்கத்து வீட்டு அக்கா முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு கொடுத்தனுப்பினார். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றேன்.

"உப்பு எவ்ளோக்கா?"

"ஒரு நிதானத்துல போடுவேன்."

"புளி?"

"அதுவும்தான்."