பின்பாட்டுக் குரல்களைத் தேடி: இதுவரை கிடைத்தவை

போன வருஷம் காவடி முடிந்த கையோடு பிடித்துக்கொண்ட பழக்கம் இது. பாட்டு கேட்கும்போது முன்னால் பாடுகிறவரை விட்டுவிட்டு, பின்னால் பாடுகிறவர்களை மட்டும் கேட்பது. முடிந்தால் அவர்கள் பெயரைக் கண்டுபிடிப்பது. அப்புறம் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வேறென்ன பாடியிருக்கிறார்கள் என்று பார்ப்பது. அவ்வளவுதான். கவனிக்கப்படாத பாடகர்களைத் தேட இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் 'இதையும் கேளுங்கள்' என்று நீட்டுவதெல்லாம் ஏற்கெனவே லட்சம் பேர் கேட்டது, மொரீசியஸில் உட்கார்ந்துகொண்டு இந்தத் தீவின் ஆட்டப்பாட்டான சேகா என்று தேடினால் சுற்றுலாப் பயணிகளுக்கு ஓட்டலில் போடுகிற சேகாதான் வரிசை கட்டி நிற்கிறது.

முதலில் கருவி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீரியோ பதிவுகளில் பெரும்பாலும் முதன்மைக் குரலை நட்டநடுவில் வைப்பார்கள், அதாவது இடது வலது இரண்டிலும் ஒரே அளவில் வரும். கோரஸைப் பக்கவாட்டில் பரப்பி வைப்பார்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்புச் செயலியில் பாட்டைத் திறந்து இரண்டு சேனலையும் பிரித்து, ஒன்றின் ஒலி அலையை மட்டும் இன்வர்ட் செய்து, அதாவது தலைகீழாக்கி, திரும்ப ஒரே சேனலாக, மோனோவாகச் சேர்த்தால் நடுவில் இருந்ததெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும், பக்கத்தில் இருந்தவர்கள் மிஞ்சுவார்கள். பாஸ் கித்தாரும் நடுவில்தான் இருக்கும் என்பதால் அதுவும் போய்ப் பாட்டு சோகை பிடித்ததுபோல் ஆகிவிடும். பரவாயில்லை. குரலையும் வாத்தியத்தையும் பிரித்துத் தருகிற புதுச் செயலிகளையும் போட்டுப் பார்த்தேன், நான் பார்த்தவை எல்லாக் குரல்களையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் கொடுத்தன, எனக்கு வேண்டியது அதுவல்ல. பழைய மோனோ பதிவில் இந்த வித்தை பலிக்காது, இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் முழு மௌனம்தான் மிஞ்சும். அதற்குக் காதுதான்.

காது என்றால் எங்கள் அத்தைதான். ரோஸ் ஹில் பக்கத்துக் கோயிலில் பஜனைக்குப் பின்பாட்டு பாடுகிறவர். தமிழ் எழுத்து அவ்வளவாக வராது, தேவாரம் முழுவதையும் ஒரு நீல நோட்டில் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். 'உ' வருகிற இடமெல்லாம் பிரெஞ்சுக் கணக்கில் இரண்டு எழுத்து. ஆனால் தாளம் ஒரு இழை பிசகாது. நான் கோரஸை மட்டும் பிரித்து எடுத்த ஒரு துண்டைக் கேட்டுவிட்டு, "இந்தப் பொண்ணு மூச்சு எடுக்கிற இடத்தப் பாருடா, மத்தவங்க இழுத்துக்கிட்டு இருக்கும்போதுதான் எடுக்கிறா" என்றார். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. கோரஸில் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டில் ஓட்டை விழும், அதனால் ஆளுக்கு ஓரிடமாகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். வார்த்தையின் கடைசி மெய்யெழுத்தையும் அழுத்த மாட்டார்கள், நாலு பேர் நாலு நேரத்தில் அழுத்தினால் சலசலவென்று கேட்கும். இதெல்லாம் தெரிந்தபிறகு பழைய பாட்டே புதுசாகக் கேட்கிறது.

உள்ளூரில் முதலில் போனது சோலே ரூஸ் குழுவுக்கு. 1971 கடைசியில் இங்கே அவசரநிலை வந்து, தேர்தல் 1976 வரை தள்ளிப்போன காலத்தோடு சேர்த்துப் பேசப்படுகிற குழு, கட்சிக் கூட்டங்களில் பாடியவர்கள். அதில் பாடிய பாம் குட்டாயன் என்றால் பெரியவர்கள் இன்றைக்கும் தலையாட்டுகிறார்கள். அதே குழுவின் மிஷ்லின் வீராசாமி, ரோஸ்மே நெல்சன் என்றால் யோசிக்கிறார்கள். வீராசாமி என்ற பெயரைக் கேட்டதும் அத்தை, "நம்ம வீட்டுப் பிள்ளையா?" என்றார், அதற்கப்புறம்தான் கூர்ந்து கேட்க ஆரம்பித்தார் என்பதையும் சொல்லவேண்டும். என் கணிப்பு என்னவென்றால், அந்தக் காலப் பாட்டுகளை அரசியல் வரலாறாகவே பேசிப் பேசி, பாடியது யார், எப்படிப் பாடினார்கள் என்பதை விட்டுவிட்டோம். வரிகளைப் பற்றி நிறையப் பேசுவார்கள், குரலைப் பற்றிக் கேட்டால் பதில் வராது.

சேகாப் பாடகர் தி ஃப்ரேர் வேறு கதை. 1900இல் பிறந்து 1992 வரை இருந்தவர், 1964இல் ல மோர்னில் நடந்த சேகா இரவில் அவருக்குத்தான் அரசர் பட்டம், அவரைக் கவனிக்கப்படாதவர் என்று சொல்ல முடியாது. அவரைக் கேட்பது அவருக்குப் பதில் சொல்கிற குரல்களுக்காக. ஒரு நண்பர் வீட்டில் சேகாவுக்கு வாசிக்கிற தோல்வாத்தியமான ரவான் வாசித்தார்கள், ஆட்டுத்தோலைத் தீயில் காட்டிக் காட்டி விரலால் தட்டிப் பார்த்தார்கள், நம் பறையை வாசிக்கும் முன் செய்கிற அதே வேலை. தோல் இறுகியதும் பாட்டு சூடு பிடித்தது, அப்போது பின்பாட்டுக்காரர்கள் முன்பாட்டு முடியும்வரை காத்திருக்கவே இல்லை, அவருடைய கடைசி வார்த்தையின் மேலேயே ஏறி உட்கார்ந்தார்கள். பழைய பதிவுகளில் இந்த ஏற்றத்தைத் தேடிப் பாருங்கள்.

ஷார்லேசியா அலெக்சிஸுக்கு மட்டும் என் விதியைத் தளர்த்தினேன், அவர் முன்னால் நின்று பாடியவர். சாகோஸ் தீவுக்கூட்டத்தில் தியேகோ கார்சியாவில் பிறந்தவர். 1967இல் கணவரின் சிகிச்சைக்காக மொரீசியஸ் வந்தவரைத் திரும்பிப் போகக் கப்பலில் ஏற்றவில்லை, ராணுவத் தளத்துக்காகத் தீவையே காலி செய்துவிட்டார்கள். உண்ணாவிரதம், ஊர்வலம் என்று சாகோஸ் பெண்களின் போராட்டத்தில் முன்வரிசையில் நின்றவர் என்றுதான் செய்திகளில் படித்திருந்தேன், பாடுவார் என்பது பிறகே தெரிந்தது. பக்கத்துத் தீவான ரீயூனியனில் அவர் குரலை இசைத்தட்டாகப் போட்டிருக்கிறார்கள். மெருகு ஏதும் இல்லாத குரல், தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே நடந்து வருகிறது. அவர் 2012இல் இங்கிலாந்தில் இறந்தார். சாகோஸ் சேகாவை யுனெஸ்கோ 2019இல் உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் கலைகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்ததிலேயே பெரிது இவர்தான்.

தமிழ்ப் பக்கம் எல். ஆர். ஈஸ்வரி. சிரிக்காதீர்கள், ஆடி மாதம் ஸ்பீக்கர் கட்டினால் இங்கேயும் அவர் குரல்தான். ஆனால் அவர் கோரஸில் தொடங்கியவர், அவர் அம்மாவும் கோரஸ் பாடகிதான். 1954இல் வந்த மனோகரா படத்தில் கூட்டத்தில் ஒருவராகப் பாடியிருக்கிறார். 1961இல் பாசமலரின் கல்யாணப் பாட்டு வரும்வரை பெரிதாகப் பேர் கிடைக்கவில்லை. அந்த மனோகரா கோரஸில் அவர் எந்தக் குரல் என்று நானும் அத்தையும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், மோனோ பதிவு, எந்த வித்தையும் எடுபடாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரீயூனியனில் கிராமூன் லேலே, சர்க்கரை ஆலைத் தொழிலாளி, முதல் ஆல்பம் வரும்போது அறுபதைத் தாண்டிவிட்டார், கோரஸ் முழுக்க அவர் குடும்பம். தென்னாப்பிரிக்காவில் மஹ்லதினியின் உறுமல் குரலுக்குப் பின்னால் பாடிய மஹோட்டெல்லா குயின்ஸ், அதில் ஹில்டா ட்லௌபட்லா. இவர்களைப் பின்பாட்டு என்று சொல்வதே தப்பு, மஹ்லதினி 1999இல் போனபிறகும் குழு நின்றுவிடவில்லை.

இப்போது செய்துகொண்டிருப்பது: கோயில் பஜனையைப் பதிவு செய்யும்போது போனை மைக்குக்குப் பக்கத்தில் வைக்காமல் பின்வரிசைப் பாயில், அத்தையின் நீல நோட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். கைத்தாளம் காதை அடைக்கிறது, அதனால் ஒரு துண்டை மடித்து நடுவில் தடுப்பு. பாடியவர்கள் எல்லார் பேரையும் கீழே எழுதிக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பின்வரிசைக்காரர்கள் வரிசையாகக் கைகூப்பி அனுப்பியிருக்கிறார்கள். முன்பாட்டுக்காரர், "என் குரல் எங்கேப்பா?" என்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை.