உள்ளே தெரியும்படி ஒரு எஞ்சின் கவர்

பானெட்டைத் தூக்கினால் என் காரில் முதலில் தெரிந்தது ஒரு பெரிய கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான். தீப்பொறிக்கு மின்சாரம் தருகிற காயில், பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர், காற்று உள்ளே போகிற இன்டேக் குழாய் என்று நான் பார்க்க ஆசைப்படுகிற எல்லாமே அதற்கு அடியில் இருக்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டே ஓட்டலாம், வண்டி ஓடும், ஆனால் தூசியும் தண்ணீரும் காயில்கள் மேல் நேராக விழுவது எனக்குப் பிடிக்கவில்லை. மூடியும் வேண்டும், உள்ளே இருப்பதும் தெரிய வேண்டும். 1987ல் வந்த ஃபெராரி எஃப்40-ன் பின்பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை புரியும்: காற்று போக வரிவரியாகப் பிளவு விட்ட தெளிவான பிளாஸ்டிக், அதன் வழியே தெரியும் எஞ்சின். சரி, நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் கவரை அக்ரிலிக்கில் செய்தேன். அது தப்பு. அக்ரிலிக் ஷீட் சுலபமாகக் கிடைக்கும், நல்ல பளபளப்பு, கீறலும் அவ்வளவு சீக்கிரம் விழாது, அதனால் எல்லோரும் முதலில் அதைத்தான் கையில் எடுப்பார்கள். ஆனால் 100 டிகிரியை நெருங்கும்போதே அது இளகத் தொடங்கிவிடும். வண்டி ஓடும்போது காற்று வந்து போவதால் ஒன்றும் தெரியாது. நிறுத்திய பிறகுதான் சூடு ஏறும்: எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் திரவத்தின் ஓட்டம் நின்றுவிடுகிறது, முன்னாலிருந்து வரும் காற்றும் இல்லை, எஞ்சினில் தேங்கிய சூடெல்லாம் மேலே வந்து பானெட்டுக்கு அடியிலேயே நிற்கிறது. கவரின் அடியில் சூட்டை அளக்கிற ஒரு தெர்மோகப்பிள் வயரை ஒட்டிப் பார்த்தேன். ஓடும்போது 65ஐத் தாண்டாதது, நிறுத்திக் கால் மணி நேரத்தில் 92 காட்டியது. ஒரே மாதத்தில் கவரின் நடுப்பகுதி தொய்ந்துவிட்டது, ஒரு போல்ட் ஓட்டையிலிருந்து ஓரம் வரைக்கும் விரிசலும் ஓடியிருந்தது. இன்னொன்று, அக்ரிலிக் தீப்பிடித்தால் நன்றாகவே எரியும். எஞ்சினுக்கு மேல் வைக்கிற பொருள் அது இல்லை.

இரண்டாவது பாலிகார்பனேட், லெக்ஸான், மக்ரோலான் என்ற பெயர்களில் வருவது. 3 எம்எம் ஷீட். இது இளக 147 டிகிரி பக்கம் போக வேண்டும், சுத்தியலால் அடித்தாலும் லேசில் உடையாது, நெருப்பை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தானாகவே அணைந்துவிடும். கீறல் மட்டும் சட்டென்று விழும், அதனால் இரண்டு பக்கமும் ஒட்டி வருகிற பாதுகாப்பு ஃபிலிமைக் கடைசி நிமிடம் வரை உரிக்கவே கூடாது.

அளவெடுக்க அட்டைதான் சிறந்தது. பழைய கவரை அட்டையின் மேல் வைத்து வரைந்து, வெட்டி, எஞ்சின் மேல் பொருத்திப் பார்த்து, ஆயில் ஊற்றுகிற மூடிக்கும் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்குக்கும் கை போக வழி விட்டு, மூன்று முறை திருத்தினேன். பானெட் இடிக்கிறதா என்று பார்க்க, அட்டையின் மேல் நான்கைந்து இடங்களில் களிமண் உருண்டை வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறந்தேன். நசுங்கிய உருண்டையின் உயரம்தான் உங்களிடம் இருக்கும் இடைவெளி. எனக்கு மிகக் குறைந்த இடத்தில் 17 எம்எம் இருந்தது, அதற்குக் கீழே நான் போயிருக்க மாட்டேன், ஏனென்றால் கியர் போட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் தன்னைத் தாங்குகிற ரப்பர் மவுண்ட் மேல் ஆடும்.

நேர்க்கோட்டுக்கு நுண்ணிய பல் கொண்ட ஜிக்சா பிளேடு போதும். வேகம் கூடினால் தூள் உருகி, வெட்டிய பள்ளத்திலேயே திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஓரத்தை அரத்தால் ராவி, பிறகு தண்ணீர் தொட்டு 400, 800, 1200 உப்புத்தாள். அக்ரிலிக் ஓரத்தை நெருப்பு காட்டி மினுக்குவார்களே, அதை இதில் செய்யாதீர்கள், பாலிகார்பனேட்டில் ஈரம் இருக்கும், குமிழ் குமிழாக வந்துவிடும்.

இப்போது ஓட்டை. இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஒரு மீட்டர் பாலிகார்பனேட் 60 டிகிரி சூடேறினால் சுமார் 4 எம்எம் நீளும், அதே நீள இரும்பு 1 எம்எம்கூட நீளாது. என் கவர் 620 எம்எம் நீளம், அதாவது இரண்டரை எம்எம் வரை நகர இடம் கேட்கும். அதனால் 6 எம்எம் போல்ட்டுக்கு 10 எம்எம் ஓட்டை போட்டேன், படிப்படியாக அகலம் கூடுகிற ஸ்டெப் டிரில் பிட்டால், சாதாரண பிட் மாதிரி அது பிளாஸ்டிக்கைக் கடித்து இழுக்காது. ஓட்டைக்குள் ஒரு சின்ன அலுமினியக் குழாய்த் துண்டு நிற்கும், அது ஷீட்டின் தடிமனைவிட உயரம், மேலும் கீழும் சூடு தாங்குகிற இபிடிஎம் ரப்பர் வாஷர். போல்ட்டை முறுக்கும்போது இறுக்கம் முழுவதும் அலுமினியத்தின் மேல் போய்விடும், ரப்பருக்கு நடுவில் ஷீட் சும்மா உட்கார்ந்திருக்கும். விரலால் தள்ளிப் பார்த்தால் லேசாக நகர வேண்டும். நகரவில்லை என்றால் அவிழ்த்துவிட்டு வாஷரை மாற்றுங்கள்.

அதிர்வில் போல்ட் கழன்றுவிடும் என்று மரையை ஒட்டிப் பிடிக்கிற திரெட் லாக்கர் திரவத்தை ஊற்றப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். அந்தத் திரவம் பட்ட பாலிகார்பனேட் உள்ளுக்குள் விரிசல் விடும். உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட் போடுங்கள். பிரேக் கிளீனரும் அப்படித்தான். நான் பக்கத்தில் வேறொரு இடத்தைத் துடைக்க அடித்தபோது கவரின் மூலையில் நான்கைந்து துளி பட்டது, கண் முன்னாலேயே அந்த இடம் பால் ஊற்றியது மாதிரி வெளுத்தது, மறுநாள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்த வெளுப்புக்குள் மயிரிழை மாதிரி விரிசல்கள். அந்தக் கவரைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்றாவதைச் செய்தேன். பெட்ரோல், அசிட்டோன், தின்னர் எதுவுமே பக்கத்தில் வரக் கூடாது. லேசான சோப்புத் தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியும் போதும்.

சூடான புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கும் பக்கத்தை நான் மூடவே இல்லை. பின்பக்கம் நான்கு நீளப் பிளவுகள் விட்டேன், ஒவ்வொன்றின் இரு முனையிலும் முதலில் உருண்டை ஓட்டை போட்டுவிட்டு நடுவை வெட்டினேன், கூர்மையான மூலை இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

பழைய கவரின் அடியில் ஒரு பஞ்சு இருந்தது, அது இன்ஜெக்டரின் டிக் டிக் சத்தத்தை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது அந்தச் சத்தம் கொஞ்சம் கேட்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது, அமைதி வேண்டும் என்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

மாட்டி மூன்று மாதம் ஆகிறது, தொய்வு இல்லை, ஓட்டைகளைச் சுற்றி விரிசலும் இல்லை. போன வாரம் பானெட்டைத் திறந்ததும், மூன்றாவது காயிலுக்குப் பக்கத்தில் வால்வு கவர் ஓரமாக ஈரமாக ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. கவரைக் கழற்றி விரல் வைத்துப் பார்த்தேன், ஆயில். ஆயில் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட்டை அன்றைக்கே மாற்றிவிட்டேன்.