தொழில்நுட்ப மேலாண்மை ஆய்வு: கோட்பாட்டுக்கு முன் ஒரு தொழில்

புத்தாக்கத்தையும் தொழில்நுட்ப மேலாண்மையையும் ஆராய வரும் மாணவர்கள், "எந்தக் கோட்பாட்டை எடுத்துக்கொள்ளலாம்?" என்றுதான் தொடங்குகிறார்கள். எந்தத் தொழிலை எடுத்துக்கொள்வது என்று தொடங்குங்கள் என்பேன். மேலாண்மைப் பேராசிரியராக நெடுங்காலம் இதையே ஆராய்ந்தும் கற்பித்தும் வந்தவன் என்ற முறையில், இதைவிடப் பயனுள்ள அறிவுரை என்னிடம் இல்லை.

முனைவர் பட்டத் தகுதித் தேர்வில் ஏதேனும் ஒரு வடிவத்தில் வந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு: தொழில்நுட்பம் மாறும்போது முன்னணி நிறுவனங்கள் ஏன் சறுக்குகின்றன? மேலாண்மை ஆய்வாளர்கள் டஷ்மனும் ஆண்டர்சனும் 1986இல் தந்த விடை திறமையைப் பற்றியது. சில மாற்றங்கள் நிறுவனத்தின் பழைய திறமைக்கு வலுச்சேர்க்கும். சில அதைச் செல்லாக்காசாக்கிவிடும். ஹென்டர்சனும் கிளார்க்கும், கணினிச் சில்லுகளின் மீது ஒளியைக் கொண்டு மின்சுற்றைப் பதிக்கும் ஒளி அச்சுப் பொறிகளை ஆராய்ந்தார்கள். பாகங்கள் பெரிதும் மாறாவிட்டாலும் அவை ஒன்றோடொன்று இணையும் விதம் மாறினாலே முன்னணி நிறுவனம் தடுமாறும் என்று 1990இல் காட்டினார்கள். கிறிஸ்டென்சன் எடுத்துக்கொண்டது கணினியின் வன்தட்டு. அது 14 அங்குலத்திலிருந்து 8, 5.25, 3.5 என்று சிறுத்துக்கொண்டே வந்தது. சிறியதைச் செய்யும் திறமை பெரிய நிறுவனங்களிடம் இருக்கத்தான் செய்தது. அவற்றின் வாடிக்கையாளர்கள்தாம் அதைக் கேட்கவில்லை.

இவற்றை வரிசையாக ஒப்பித்துவிட்டு நகராதீர்கள். முதல் விடைப்படி திறமை காலாவதியாகிறது. கடைசி விடைப்படி திறமை இருந்தும் நிறுவனம் தோற்கிறது. இரண்டும் மோதும் அந்த இடத்தில் நின்று, எத்தகைய சான்று கிடைத்தால் எந்த விளக்கம் விழும் என்று எழுதுங்கள். ஒரு தொழிலின் உள்விவரம் தெரிந்தவரால்தான் அப்படி எழுத முடியும். மேற்சொன்ன ஆய்வாளர்களின் கருத்துகளும் குறிப்பிட்ட தொழில்களை ஆண்டுக்கணக்கில் துருவியதால் பிறந்தவையே.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு சி.டி. ஸ்கேன். அதை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது பிரிட்டனின் இ.எம்.ஐ. நிறுவனம். அங்கே பணியாற்றி அதை உருவாக்கிய பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனாலும் கருவி அறிமுகமான பத்தாண்டுகளுக்குள் அந்நிறுவனம் அந்தச் சந்தையை விட்டே வெளியேறியது. மருத்துவமனைகளுக்குப் பயிற்சி, பழுதுபார்ப்பு, விற்பனைக்குப் பிந்தைய சேவை ஆகியவற்றைப் பெரிய அளவில் தரும் வலிமை போட்டியாளர்களிடம் இருந்தது. புத்தாக்கத்தின் பலன் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று பொருளியலாளர் டீஸ் 1986இல் எழுதிய கட்டுரையை இந்த நிகழ்வோடு சேர்த்துப் படியுங்கள். கண்டுபிடித்தவரைவிட இத்தகைய துணை வசதிகள் கொண்டவருக்கே பலன் போகலாம் என்ற அவர் கருத்து மனத்தில் தைத்துவிடும்.

தரவு என்றதும் பலரும் காப்புரிமைப் பதிவுகளுக்கு ஓடுகிறார்கள். எளிதில் கிடைக்கும், எண்ணிக்கையும் அதிகம். ஆனால் நிறுவனங்கள் பல கண்டுபிடிப்புகளை இரகசியமாகவே வைத்துக்கொள்கின்றன. காப்புரிமையில் காணும், முந்தைய காப்புரிமைகளைச் சுட்டும் மேற்கோள்களில் ஒரு பகுதியைச் சேர்ப்பவர் கண்டுபிடிப்பாளர் அல்லர், காப்புரிமை அலுவலகப் பரிசோதகர். அவற்றை அறிவுப் பரிமாற்றத்தின் தடயமாகக் கொள்ளும் முன் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

கூடவே பொறியாளர்களையும் நேரில் சந்தியுங்கள். எதை உருவாக்கினீர்கள் என்று கேட்டால் நிறுவனத்தின் விளம்பர அறிக்கையில் உள்ளதையே சொல்வார்கள். எதைப் பாதியில் கைவிட்டீர்கள், அந்த முடிவை எடுத்தவர் யார், அந்தக் கூட்டத்தில் எதிர்த்தவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். ஆய்வுக்கான கேள்வி பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் கிடைக்கும்.