ஞானப்பல்: பிடுங்கத்தான் வேண்டுமா?

தங்கச்சிக்கு கீழ்க் கடைவாயில் ஞானப்பல் பாதி வெளியே, பாதி முரசுக்குள். வாயை ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியாமல் கஞ்சியோடு இருக்கிறாள். உவர்மலை வீட்டுக்குப் பார்க்க வருகிற எல்லாரும் "பிடுங்கிப் போடு பிள்ளை" என்கிறார்கள். பாவம், பயந்துபோய் இருக்கிறாள்.

பல் வைத்தியர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துப் பொறுமையாக விளக்கினார். பல்லை மூடிக் கிடக்கும் முரசு மடிப்புக்குள் சாப்பாடு சிக்கி, கிருமி தொற்றித்தான் இந்த வீக்கம். முதலில் அந்த இடத்தைக் கழுவித் துப்புரவாக்க வேண்டும். இளஞ்சூட்டு உப்புத்தண்ணீரில் அடிக்கடி கொப்பளிக்க வேண்டும். திரும்பத் திரும்ப வீங்கினால், பல் சொத்தையானால், பக்கத்துப் பல்லைப் பழுதாக்கினால் கழற்றுவதுதான் நல்லது. நோய் எதுவும் இல்லாத பல்லை, புதைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டாம் என்று சிகிச்சைகளுக்கு நெறிமுறை வகுக்கும் பிரித்தானியாவின் நைஸ் (NICE) அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டல் கொடுத்திருக்கிறது. கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு இந்தப் பல்லின் வேருக்குக் கிட்டவே ஓடலாம். அதனால் எக்ஸ்ரே பார்க்காமல் அவசரப்படக் கூடாது.

கராம்பு எண்ணெய் நோவைக் கொஞ்சம் அடக்கும், சரி. ஆனால் தயவுசெய்து பார்மசியில் நீங்களாக அன்டிபயோடிக் வாங்கிப் போடாதீர்கள். காய்ச்சலோடு வீக்கம் கழுத்துப் பக்கம் இறங்கினால், விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால், நடுச்சாமம் என்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இவளுக்கு இப்படி வீங்கியது இதுதான் முதல் தடவை. வீக்கம் வற்றட்டும், அப்புறம் முடிவெடுப்போம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.